நுரைப் பாயும் போர்க் கவசமும்

1977ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தைப் பார்த்தவர்கள், அதில் ஒரு பேரரசின் ஆணைக்குட்பட்டு அணிவகுத்து வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் என்னும் வெண்கவசப் படையை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை வெண்ணிற ஓடு போர்த்தி, மண்டையோட்டின் சாயல் கொண்ட தலைக்கவசத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு வரும் அந்த வீரர்களைக் காணுங்கால், வருங்கால உலகத்துக் கம்மியர்கள் பெரும் பொருட்செலவில் வார்த்தெடுத்த உடை அது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால், ரால்ஃப் மக்குவாரி என்னும் ஓவியர் தீட்டிய சித்திரங்களை ஆதாரமாகக் கொண்டு, இங்கிலாந்தில் டுவிக்கன்ஹாம் என்னும் ஊரில் ஆண்ட்ரூ எயின்ஸ்வொர்த் என்பவர் 1976ஆம் ஆண்டில் தம்முடைய சிறு பட்டறையில், மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளைச் சூட்டினால் இளக்கி அச்சின்மேல் படியவைத்து உண்டாக்கியவையே அந்தத் தலைக்கவசங்கள். முகப்புக்கு ஒரு தகடு, பின்மண்டைக்கு ஒரு தகடு. இரண்டும் கூடுகின்ற பொருத்தை மறைத்து நிற்பவை காதுப் பக்கத்து மூடிகள். அந்தத் தலைக்கவசம் சட்டத்தின் கண்ணில் ஒரு சிற்பமாகுமா என்ற வழக்கு பிரிட்டனின் உச்சநீதிமன்றம் வரையில் சென்று, ஆகாது என்று 2011இல் தீர்ப்பாயிற்று. சிற்பமோ அன்றோ, மலிவான ஒரு தகடு கோடிக்கணக்கான கண்களுக்குப் பேரரசின் பலமாகக் காட்சியளித்தது என்பதில் ஐயமில்லை.

இத்தகைய கவசங்களைத் தம் வீட்டிலேயே, கையில் இருக்கும் சொற்பப் பணத்தைக் கொண்டு செய்துகொள்ளும் ஆர்வலர்கள் இன்று உலகின் பல பாகங்களிலும் இருக்கிறார்கள். இந்தப் பழக்கம் நேற்றுப் பிறந்ததன்று. 1939ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நியூயார்க் நகரத்தில் கூடிய முதல் உலக அறிவியற் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்பவரும் மர்ட்டில் டக்ளஸ் என்ற அம்மையாரும் வருங்கால மனிதரின் உடையணிந்து வந்தார்கள். இருவருடைய உடைகளையும் தைத்தவர் அந்த அம்மையாரே. 1997இல் அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய '501ஆம் லீஜியன்' என்ற சங்கத்தின் அங்கத்தினர்கள், தாமே செய்த வெண்கவசங்களை அணிந்துகொண்டு மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தைகளைக் கண்டு மகிழ்வித்தும், தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டியும் வருகிறார்கள். பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. மலிவான சாமானைத் தேடிக் கடை கடையாக அலைவதைக் காட்டிலும், கைக்குக் கிடைத்த சாமானின் சுபாவத்தை நன்கறிந்து அதற்கிசைந்த வேலையை அதனிடம் வாங்குவதே மெய்யான சிக்கனம் என்பதை இந்தக் கவசக் கலையைப் போலத் தெளிவாகக் கற்பிக்கும் கைத்தொழில் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சுபாவங்களுள் முக்கியமானவற்றை, உருவம், பொருள், மேற்பரப்பு என்ற கிரமத்தில் ஆராய்வோம்.

உருவத்தை எடுத்துக்கொண்டால், கடையில் நமக்குக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் அட்டை, நுரைப் பாய், பிளாஸ்டிக் தகடு ஆகிய யாவும் தட்டையானவை; மனித சரீரமோ எந்த இடத்திலும் தட்டையாக இல்லை. தட்டையான ஒன்றை வளைந்த ஒன்றாக்குவதில் உள்ள தடையை முதன்முதலாகத் துல்லியமாக வரையறுத்தவர் ஜெர்மனி தேசத்துக் கணித மேதையான கவுஸ். ஹானோவர் ராஜ்யத்தின் நில அளவைப் பணியில் ஈடுபட்டிருந்த அவர், வளைந்த பரப்புக்களைப் பற்றி 1827இல் லத்தீன் மொழியில் எழுதிச் சமர்ப்பித்த ஆராய்ச்சியில் ஒரு சித்தாந்தத்தை நிலைநாட்டினார். ஒரு பரப்பின் எந்தப் புள்ளியிலும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் வளைவு மிக அதிகமாகவும் மிகக் குறைவாகவும் இருக்கும். அவ்விரு வளைவுகளையும் பெருக்கி வரும் எண்ணானது, அப்பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் கிழிக்காமலும் எவ்வளவுதான் மடக்கினாலும் மாறுவதில்லை என்பதே அது. தட்டைத் தாளுக்கு அந்த எண் பூஜ்யம். தாளைக் குழாயாகச் சுருட்டினால் ஒரு திசையில் வளைவு உண்டாகிறது, மறு திசை நேராகவே இருக்கிறது. ஆகவே பெருக்கற்பலன் மீண்டும் பூஜ்யந்தான். கூம்புக்கும் அப்படியே. உருண்டையிலோ இரு திசைகளும் ஒரே பக்கமாக வளைகின்றன. குதிரைச் சேணத்தில் ஒன்று மேலாகவும் ஒன்று கீழாகவும் வளைகின்றது. ஆதலால் தாளை மடக்கிக் குழாயும் கூம்பும் செய்யலாமேயன்றி, உருண்டையோ சேணமோ ஒருகாலும் செய்ய இயலாது.

இந்தச் சித்தாந்தத்தைக் கையிற் கொண்டு நம் உடலைப் பார்ப்போமானால், எந்தப் பாகத்துக் கவசம் எளிது, எது கடினம் என்பது உடனே விளங்கிவிடும். முன்கையும் கெண்டைக்காலும் ஏறக்குறையக் கூம்புகள். ஒரே துண்டை வளைத்துச் சுற்றிவிடலாம். தோளும் தலையும் உருண்டையின் இனம். அங்கே தாளில் ஆப்பு வடிவமான துண்டுகளை வெட்டி நீக்கி, விளிம்புகளைக் கூட்டி ஒட்டவேண்டும். கழுத்து தோளோடு சேருமிடமும் இடுப்பின் ஒடுக்கமும் சேணத்தின் இனம். அங்கே துண்டுகளைச் செருகி அகலப்படுத்தவேண்டும். ரவிக்கை தைக்கும் தையற்காரர், துணியை மார்பின் வளைவுக்கு இசைவிப்பதற்காக ஆங்காங்கே டாட் என்னும் ஆப்பு வடிவ மடிப்புப் பிடிக்கிறாரே, அது கவுஸின் சித்தாந்தத்துக்குக் கைவினைஞர் கண்ட விடையே.

எவ்வளவு கோணத்தை நீக்குவது என்பதற்கும் திட்டமான கணக்கு உண்டு. ஓர் அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்துப் பாருங்கள். தட்டைத் தாளில் ஒரு புள்ளியைச் சுற்றி 360 பாகை இருக்க, மூடியின் மூலையில் மூன்று செங்கோணங்கள் மட்டும் கூடுவதால் 270 பாகையே இருக்கிறது. மூலை ஒன்றுக்குக் குறைவு 90 பாகை, நான்கு மூலைகளுக்கும் சேர்த்து 360 பாகை. பெட்டி மூடியின் இடத்தில் அரைக்கோளமான ஒரு குவிமாடத்தை வைத்தாலும், அதன் விளிம்பு செங்குத்தாகக் கீழே இறங்குமாயின், மொத்தக் குறைவு அதே 360 பாகைதான், கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அந்த 360 பாகையை எங்கெங்கே பங்கிடுவது என்பது மட்டுமே செய்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. நான்கு இடங்களில் குவித்தால் பெட்டி; எட்டு இடங்களில் 45 பாகை வீதம் பிரித்தால் முனைகள் மழுங்கிய தொப்பி; வளைந்த கோடுகளின் நெடுகச் சிறிது சிறிதாகப் பரப்பினால் வழுவழுப்பான மண்டை. விண்வெளிப் போர்வீரனின் தலைக்கவசத்தில் தகடு தகடாகப் பிரிந்து தோன்றும் கோடுகள் இருப்பது நமக்குப் பெரும் அனுகூலம். வெட்டி ஒட்டவேண்டிய தையல்களை அக்கோடுகளின்மேல் வைத்துவிட்டால், குறையாகத் தெரியவேண்டியது அலங்காரமாக அமைந்துவிடுகிறது.

இந்தக் கணக்குகளைக் காகிதத்தில் போடாமலே செய்யும் உபாயம் ஒன்றும் உண்டு. உடலின் அளவொத்த ஒரு பொம்மைத் தலையின்மேல், அல்லது முகத்தை முழுவதும் திறந்துவிட்டு ஒருவரின் தலையின்மேல், உணவுப் பண்டங்களைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, அதன்மேல் காகித ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட வேண்டும். அந்த ஓட்டின்மேல் தகடுகளின் எல்லைக் கோடுகளைப் பேனாவினால் வரைந்து, ஒட்டும் இடங்களில் பொருத்தம் தவறாமலிருக்கக் குறுக்குக் குறிகளையும் இட்டு, பிறகு மெல்ல வெட்டிக் கழற்றி, கோடுகளின் வழியே துண்டாக்கி மேஜைமேல் பரப்பினால், ஒவ்வொரு துண்டும் தட்டையாகப் படிகிறதா என்று பார்க்கலாம். படியாத துண்டு, தன் விளிம்பில் எங்கே இன்னொரு வெட்டு வேண்டும் என்பதைத் தானே மேலெழும்பிக் காட்டிவிடும். பேப்பகுரா என்னும் ஜப்பானிய மென்பொருள், கணினியில் வரைந்த முப்பரிமாண உருவத்தை இதே வகையில் தட்டைத் துண்டுகளாக விரித்துத் தருகிறது.

இனிப் பொருளைப் பற்றிச் சொல்வோம். குழந்தைகள் விளையாடும் அறைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் பல் பல்லாகக் கோத்து விரிக்கும் நுரைப் பாயே சிக்கனக் கவசத்தின் ஜீவநாடி. எத்திலீன் வினைல் அசெட்டேட் என்பது அதன் முழுப்பெயர், ஈ.வி.ஏ. என்பது வழக்கு. ஓட்டக்காரர்களின் காலணியில் பாதத்துக்கும் அடித்தோலுக்கும் இடையே மெத்தென்று இருப்பதும் இதுவே. காய்ச்சும்போது வாயுவை விடும் ஒரு ரசாயனத்தைச் சேர்த்து ஊதவைப்பதால், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் மூடிய கோடானுகோடி நுண்ணறைகள் அதில் உண்டாகின்றன. 60 சென்டிமீட்டர் சதுரமும் 1 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு பாயின் கனவளவு 3,600 கன சென்டிமீட்டர்; அத்தனை கனவளவுள்ள எஃகு 28 கிலோ இருக்க, தண்ணீரின் பத்தில் ஒரு பங்கு அடர்த்தியுள்ள நுரை 360 கிராமே இருக்கும். இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் அணிந்த முழு எஃகுக் கவசம் 15 முதல் 25 கிலோ வரையில் இருந்தது என்பதை நினைத்தால், காலை முதல் மாலை வரை அணிந்து நடமாடவேண்டிய ஒருவருக்கு இந்த லேசான வஸ்து எத்தகைய வரப்பிரசாதம் என்பது விளங்கும்.

இந்த நுரையின் விசேஷ குணம் சூட்டுக்கு அது இணங்கும் விதத்தில் இருக்கிறது. இதிலுள்ள பாலிஎத்திலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஆங்காங்கே வரிசையாக அடுக்கி நின்று சிறு சிறு படிகங்களாகின்றன; இடையிடையே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வினைல் அசெட்டேட் தொகுதிகள் அந்த அடுக்கைக் கலைப்பதால், படிகங்கள் குறைந்து, பொருள் இளகுவதற்கு வேண்டிய உஷ்ணமும் 100 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. வெப்பக் காற்றுத் துப்பாக்கியினால் பாயைச் சூடாக்கும்போது படிகங்கள் உருகிச் சங்கிலிகள் தளர்கின்றன. அந்த நிலையில் அதை முழங்காலின்மேலோ ஒரு கிண்ணத்தின்மேலோ அழுத்திப் பிடித்து ஆறவிட்டால், படிகங்கள் புதிய கோலத்தில் மீண்டும் அமைந்து, வளைவைப் பூட்டிவிடுகின்றன. சங்கிலிகளுக்கிடையே நிரந்தரமான குறுக்குப் பிணைப்புக்களும் இருப்பதால் பாய் மெழுகைப்போல உருகி வழிவதில்லை. ஆனால் அதே பிணைப்புக்கள் பழைய தட்டை உருவத்தின் நினைவையும் காத்து வைத்திருப்பதால், முடித்த கவசத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போனால், மீண்டும் இளகி உருக்குலைந்துவிடும். சூடான நுரை சற்று நீளவும் செய்யும் என்பதால், கவுஸ் விதித்த தடையையும் ஓரளவு தாண்டலாம். தோள்மூடியின் மெல்லிய குழிவைத் தையலின்றியே அழுத்தி வரவழைக்கலாம்.

துப்பாக்கியின் வாயிலிருந்து வரும் காற்று முந்நூறு பாகைக்கும் மேற்பட்ட சூடுள்ளது; ஆகையால் கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மங்கலாயிருந்த மேற்பரப்பு திடீரென்று சற்றே மினுமினுப்படையும் கணந்தான் போதும் என்பதற்கு அறிகுறி. மேல்வரிசை நுண்ணறைகள் சுருங்கி மூடிக்கொண்டன என்று அது சொல்கிறது. இதில் கண்டு வியக்கவேண்டிய ஒரு சூட்சுமம் உண்டு. கூரிய கத்தியினால் பாயின் கனத்தில் பாதியளவு ஆழமாக ஒரு கோடு கீறினால், கீறல் கண்ணுக்குத் தெரிவதே அரிது. அதன்மேல் சூட்டைக் காட்டியதும், இருபுறத்துத் தோலும் சுருங்கி விலகி, அந்தக் கீறல் நம் கண்ணெதிரே வாய் திறந்து, கரைகள் உருண்ட ஒரு வாய்க்காலாக மாறிவிடுகிறது. இரண்டு உலோகத் தகடுகள் அருகருகே பொருந்தியிருக்கும் இடைவெளி என்று பார்ப்பவர் நம்புவது, ஒரே பாயில் கத்தியும் சூடும் வரைந்த இந்தக் கோட்டைத்தான்.

துண்டுகளை ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்போர் கையாளும் ரப்பர்ப் பசையே சிறந்தது. செயற்கை ரப்பரைக் கரைப்பானில் கரைத்து வைத்த பசை அது. இரண்டு விளிம்புகளிலும் தடவி, கரைப்பான் ஆவியாகி விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரையில் பொறுத்திருந்து, பிறகு சேர்த்து அழுத்தினால், இருபக்கத்து ரப்பர்ச் சங்கிலிகளும் ஒன்றனுள் ஒன்று ஊடுருவிப் பின்னிக்கொள்கின்றன. சேர்த்த கணத்திலேயே பிடித்துக்கொள்ளுமாதலால் திருத்துவதற்கு அவகாசம் கிடையாது. முன்னரே இட்ட குறுக்குக் குறிகள் இங்கேதான் கைகொடுக்கின்றன. பசை காயுமுன் அவசரப்பட்டுச் சேர்த்தால், கரைப்பான் உள்ளேயே சிறைப்பட்டுப் பொருத்து பலவீனமாகும்.

மூன்றாவது, மேற்பரப்பு. பார்ப்பவரின் கண் உருவத்தை நம்பிய பின்னும், அது உலோகந்தானா என்பதை ஒளியைக் கொண்டே தீர்மானிக்கிறது. நுரையின் மேற்பரப்பில் வெட்டுப்பட்டுத் திறந்து நிற்கும் அறைகள் வர்ணத்தைக் குடித்துவிடுமாகையால், முதலில் சூட்டினால் தோலை மூடி, அதன்மேல் நீர் கலந்த வெள்ளைப் பசையைப் பல மெல்லிய பூச்சுக்களாகப் பூசிக் காயவிட வேண்டும். பிறகு கறுப்பு அடிப்பூச்சு. அதன்மேல் அலுமினியத் துகள் கலந்த வெள்ளி வர்ணம். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அதைத் திசையறிந்து அனுப்புவதால், ஒளிவிளக்கு எதிரொளிக்கும் இடம் மிகப் பிரகாசமாகவும், அதற்கடுத்த இடம் இருளாகவும் தோன்றும். வெளிச்சமும் இருளும் இவ்வாறு நெருங்கி நிற்பதையே கண் உலோகம் என்று கொள்கிறது. துகள்களுக்கிடையே எட்டிப் பார்க்கும் கறுப்பு அந்த இருளைத் தருகிறது. உண்மையான போர்க்கவசத்தில் விளிம்புகள் உராய்ந்து மின்னும், பள்ளங்களில் அழுக்குத் தேங்கும். ஆகவே, நீர்த்த பழுப்பு வர்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு மேட்டைத் துடைத்துவிட்டு, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையில் சிறிதளவு வெள்ளி தொட்டு விளிம்புகளை மட்டும் வருடினால், பல ஆண்டுப் போர்களின் சரித்திரம் ஒரு மாலைப் பொழுதில் எழுதப்பட்டுவிடும். மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் தூரத்தில் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அளவு. அதனினும் சிறிய குறைகளைத் தேய்த்துத் தேய்த்துப் பொழுதைப் போக்குவது வீண் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

தலைக்கவசத்தில் இன்னும் இரண்டு காரியங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது கண். ஒளியில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் விடும் நிறப் பிளாஸ்டிக்கைக் கண்வழியில் பொருத்தினால், உள்ளிருப்பவருக்கு வெளியுலகம் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் நன்றாகவே தெரியும். வெளியே நிற்பவரோ, உள்ளே ஒரு முறை நுழைந்து, முகத்தில் பட்டுத் திரும்பி, மறு முறை வெளிவரும் ஒளியைக் கண்டாக வேண்டுமாதலால், அவருக்குக் கிட்டுவது இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உட்புறம் முழுவதும் கறுப்புப் பூசிவிட்டால் அந்தச் சொற்பமும் மறையும். இரண்டாவது மூச்சு. நாம் வெளிவிடும் காற்றில் கரியமில வாயு நூற்றுக்கு நான்கு பங்கு இருக்கிறது. வெளிக்காற்றில் இருப்பதைப்போல அது ஏறக்குறைய நூறு மடங்கு. அந்த மூச்சின் ஈரமும் சூடும் கவசத்துக்குள் தங்கினால் கண்ணாடியில் பனி படரும், தலை கனக்கும். கணினிக்கு வைக்கும் சிறு விசிறி ஒன்றைத் தாடைப் பக்கத்தில் அமைத்து வெளிக்காற்றை உள்ளிழுக்கச் செய்து, உச்சியில் அது வெளியேற வழியும் விடவேண்டும். கைபேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்கே அந்த விசிறியை ஓட்டும்.

நுரையை விடக் கெட்டியான ஓடு வேண்டுபவர்கள் எயின்ஸ்வொர்த் பின்பற்றிய முறையையே வீட்டளவில் கையாளலாம். மரச் சட்டத்தில் மாட்டிய பாலிஸ்டைரீன் தகட்டை அடுப்புப் பெட்டியில் தொய்யும்வரை இளக்கி, துளையிட்ட பெட்டியின்மேல் வைத்த அச்சின்மீது கவிழ்த்து, பெட்டிக்குள்ளிருக்கும் காற்றை வாக்குவம் கிளீனரால் இழுக்கவேண்டும். உறிஞ்சும் கருவி தகட்டை இழுப்பதாகத் தோன்றினாலும், தகட்டை அழுத்துவது மேலேயுள்ள வாயுமண்டலமே. வாயுமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை உண்டாக்கினாலும், 30 சென்டிமீட்டர் சதுரமான தகட்டின்மேல் 180 கிலோ பாரம் ஒரே சீராக இறங்கி, அச்சின் ஒவ்வொரு மடிப்பிலும் அதைப் படியவைத்துவிடும்.

இத்தனை இடங்களில் சிக்கனத்தைப் போதித்த நான், ஓரிடத்தில் அது கூடவே கூடாது என்று வற்புறுத்த விரும்புகிறேன். ரப்பர்ப் பசையிலிருந்து எழும் டொலுவீன் முதலிய கரைப்பான்களின் ஆவி தலைச்சுற்றலையும் நரம்புத் தளர்ச்சியையும் உண்டாக்கவல்லது, எளிதில் தீப்பற்றவும் கூடியது. துணி முகமூடியும் சாதாரணத் தூசி முகமூடியும் நுரையைத் தேய்க்கும்போது பறக்கும் தூளை ஓரளவு தடுக்குமேயன்றி, ஆவியின் மூலக்கூறுகளைத் தடுக்கமாட்டா. அவற்றைத் தன் எண்ணற்ற நுண்துளைகளில் பிடித்து வைத்துக்கொள்ளும் கிளர்வூட்டிய கரியடங்கிய முகமூடியே அதற்கு வேண்டும். பசை பூசும் வேலையைத் திறந்த வெளியில், அடுப்புக்கும் வெப்பத் துப்பாக்கிக்கும் எட்டாத இடத்தில் செய்யவேண்டும். கவச வேலைக்காகப் பி.வி.சி. குழாயை வளைப்பவர்கள் அது கருகும்வரை காய்ச்சக்கூடாது. கருகினால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்ற கடுமையான வாயு வெளிப்படும். தகட்டை இளக்கிய அடுப்புப் பெட்டியில் பின்னர் உணவு சமைக்கக்கூடாது. மழுங்கிய கத்தி நுரையைப் பிய்ப்பதோடு, பலத்தை அதிகம் பிரயோகிக்கச் செய்து கையையும் வெட்டும். கத்தி முனையை அடிக்கடி மாற்றுவதில் செலவாகும் பணம் நல்ல செலவே.

புதிதாகத் தொடங்குபவர்கள் எடுத்த எடுப்பிலேயே தலைக்கவசத்தில் கைவைத்து மனம் சோர்ந்துவிடுவதைக் காண்கிறோம். அது திறமைக் குறைவினால் நேர்வதாக நான் கருதவில்லை. வளைவின் கிரமத்தை அனுசரித்துச் செல்பவர்களுக்கு அந்தச் சோர்வு வருவதற்கு நியாயமில்லை. முதலில் கூம்பான முன்கைக் கவசம் ஒன்றை ஒரே துண்டில் செய்து, சூடும் பசையும் நடந்துகொள்ளும் விதத்தைப் பழகிக்கொள்ளுங்கள். அடுத்துக் கெண்டைக்கால், பிறகு ஓரிரு டாட்டுகளுடன் தோள்மூடி, பிறகு உருண்டையும் சேணமும் கலந்த மார்புக் கவசம், இவையெல்லாம் கைவந்த பின்னரே, 360 பாகையையும் ஒருசேரப் பங்கிடவேண்டிய தலை. முன்கைக்கு ஒரு பாயில் பாதியும் ஒரு விடுமுறை நாளும் போதும். அந்தப் பாதிப் பாய் பழுதானால் நஷ்டம் சொற்பம். சரியாக அமைந்தால், எஞ்சிய பாதியில் மற்றொரு கைக்கும் செய்துவிடலாம்.